டத்தோ கிராமாட்டில் ஒரு சுக்கான் வயர்

டத்தோ கிராமாட்டில் கடல் கிடையாது. கொம்தார் கோபுரத்தின் பக்கத்தில் தொடங்கி மேற்கே ஆயர் ஈத்தாம் பக்கமாக நீண்டு போகும் நடுநகரச் சாலை அது. பினாங்கு மலைக்குப் போகிற 204ஆம் எண் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் ஏறக்குறைய முழுச் சாலையையும் பார்த்துவிடலாம். கீழே வியாபாரமும் மேலே குடித்தனமுமாகப் பழைய கடைவீடுகள், மோட்டார் சைக்கிள் பட்டறைகள், ஒரு பக்கம் பினாங்கு டைம்ஸ் ஸ்குவேரின் அடுக்ககங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போவதும் இந்தச் சாலை வழியாகத்தான். அன்றைக்கு உடைபடுகிற தேங்காய்க்குக் கணக்கில்லை. மற்ற நாட்களில் இருப்பது வாகன நெரிசல் மட்டும். படகைப் பார்க்க நினைக்கிறவர்கள் வெல்ட் கீ கரையிலுள்ள சீனர் குலத் துறைகளுக்கோ தெலுக் பஹாங்குக்கோ போவார்கள். நான் படகுக்காகத்தான் டத்தோ கிராமாட்டுக்கு வந்தேன்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் விட்டார்கள். சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் வந்துவிடுகிறது. மாமா இந்த ஊருக்கு வந்தது ராஜுலா கப்பலில், சிறுவனாக, நாகப்பட்டினத்தில் ஏறி. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை இந்த வழியில் ஓடியது. தளத்தில் பாய் விரித்து நாட்கணக்கில் வந்தவர்களின் கடைசித் தலைமுறை அவர். அம்மாவுக்குப் பெரியம்மா மகன். தொலைபேசியில் எப்போது பேசினாலும் கடைசியில் அந்தப் படகைப் பற்றித்தான் வந்து நிற்பார். இந்த முறை, “எஞ்சின் ஓடுது மருமகனே. திருப்புறதுதான் கொஞ்சம் மக்கர். வந்து பாத்துட்டுப் போ” என்றார்.

மாமா வீடு ஜாலான் பி. ராம்லியிலிருந்து நடக்கிற தூரம். மலாய்த் திரையுலகின் பெரும்பெயரான பி. ராம்லி 1929இல் பிறந்த மரவீடு அந்தச் சாலையில் நினைவில்லமாக இருக்கிறது. தாழ்வான பகுதி. மலைப் பக்கத்திலிருந்து இறங்கும் ஓடைகளெல்லாம் சேர்ந்து சுங்கை பினாங்கு என்ற சிற்றாறாகி, ஜெலுத்தோங் ஓரமாகக் கடலில் விழுகின்றன. அடைமழையும் கடலேற்றமும் ஒன்றாக வந்தால் ஆற்றுக்கு வழி கிடைக்காது, தெருவுக்குள் திரும்பிவிடும். 2017 நவம்பரில் பினாங்கை முக்கிய பெருவெள்ளத்தில் இந்தப் பகுதியும் தப்பவில்லை. வாசல் கொட்டகையில் வருஷக்கணக்காகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த மாமாவின் படகு அன்று இரவு தானாக மிதந்து, முன்கதவை இடித்ததாம். “பத்து வருஷமா தண்ணியில எறக்கலன்னு கோவிச்சுக்கிட்டு, அதுவே எறங்கிடுச்சு” என்று அத்தை சொன்னார். படகைச் சரிசெய்யும் எண்ணம் மாமாவுக்கு அன்றுதான் மறுபடி துளிர்த்திருக்க வேண்டும்.

பதினான்கு அடி நீளம். ஒட்டுப்பலகை உடம்பு, செங்கால் மரத்தில் அடிக்கட்டை. உள்ளூர்ச் சீனத் தச்சர் ஒருவர் அமெரிக்கப் பத்திரிகைப் படத்தைப் பார்த்துக் கட்டியது என்று மாமா சொல்கிறார். முன்பக்கம் சாய்ந்த கண்ணாடியும், கார் போல ஸ்டீயரிங் சக்கரமும் இருப்பதைப் பார்த்தால் நம்பலாம். பின்னால் ஜான்சன் சீ ஹார்ஸ், 18 குதிரைத் திறன். 1957இல் சந்தைக்கு வந்த இரட்டைச் சிலிண்டர் வகை. ஜான்சனும் எவின்ரூடும் பெயரில்தான் இரண்டு. 1936 முதலே ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தவை. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றும் எஞ்சினை விற்கத் தொடங்கியவர். அவர் பெயரைத் தாங்கிய கடைசி எஞ்சினை 2020இல் நிறுத்திவிட்டார்கள். ஜான்சன் அதற்கும் முன்பே போய்விட்டது. ஆனால் உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. அவ்வளவு எஞ்சின்களைச் செய்து குவித்திருக்கிறார்கள்.

எஞ்சினுக்கு மாமா செய்த செலவை எல்லாம் வரிசையாகக் காட்டினார். புதிய பற்றவைப்புச் சுருள்கள், தண்ணீர்ப் பம்பின் ரப்பர் விசிறி, கார்புரேட்டர் வாஷர்கள், மேல் மூடிக்குப் புதுப் பெயின்ட். ஒரு பீப்பாய்த் தண்ணீரில் எஞ்சினின் காலை இறக்கி, கயிற்றை இழுத்தார். புகை கக்கிக்கொண்டு எழுந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த முகத்தின் பெருமையைப் பார்த்த பிறகு, சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. சக்கரத்தைக் கால்வட்டம் திருப்பும்வரை பின்னால் எஞ்சின் அசையவே இல்லை. அப்புறம் திடுக்கென்று ஒரு குதி.

“இதுக்கு எவ்வளவு செலவழிச்சீங்க மாமா?”

“இதுக்கா? இது வெறும் கம்பிதானே மருமகனே.”

நான் வளர்ந்த குமரிக் கடற்கரையில் சக்கரம் வைத்த படகு அபூர்வம். முட்டத்தில் பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே, கட்டுமரக்காரர்களுக்காக ஒட்டுப்பலகைப் படகுகளைச் செய்து பார்த்து, அந்தப் பாடுகளை 1985இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். எண்பதுகளில் அந்தப் படகுகளிலும் வள்ளங்களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் ஏறின. எல்லாவற்றிலும் சுக்கான் பிடிப்பவர் பின்னால் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதன் கைப்பிடியைப் பிடித்துத்தான் திருப்புவார். கைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எதுவும் இல்லை. வலை இழுக்கிற படகில் அதுதான் சரி. உல்லாசப் படகில் முதலாளி முன்னால் கண்ணாடிக்குப் பின் உட்கார்ந்து ஓட்ட ஆசைப்பட்டார். கைக்கும் எஞ்சினுக்கும் நடுவே பத்தடிக்கு மேல் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் கயிறும் கப்பியும்.

அமைப்பு எளிது. சக்கரத்தின் தண்டில் ஓர் உருளை. அதில் சில சுற்றுகள் சுற்றிய ஒரே வயர் கயிறு. அதன் ஒரு முனை படகின் இடப்பக்க விளிம்போரமாகவும் மறுமுனை வலப்பக்க விளிம்போரமாகவும், கப்பி கப்பியாகத் தாவிப் பின்மூலைகளுக்குப் போய், அங்கிருந்து நடுவே திரும்பி, எஞ்சினின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தைத் திருப்பினால் ஒரு பக்கம் சுற்றிக்கொள்ளும், மறுபக்கம் அவிழும். மாட்டு வண்டியில் பிடிகயிற்றை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் விடுவது போல. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சக்கரம் வைத்த சிறு மோட்டார் படகுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடின.

மறுநாள் காலை மாமா, பக்கத்து வீட்டு மலாய்க்காரர், நான் மூவரும் கொட்டகையில் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஃபெரியில் எஞ்சின் அறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். மாமாவை அவர் “அண்ணே” என்பார். மாமா அவரை “பாங்” என்பார். இருவரும் பேசிக்கொள்வது பினாங்கு மலாயில். எனக்குப் பாதி புரியும். மீதியைக் கைகள் சொல்லிவிடும்.

வயர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் உறை மஞ்சளாகியிருந்தது, அவ்வளவுதான். பாங் அதை இரண்டு கைகளாலும் பிடித்து, காதருகே கொண்டுபோய் மெல்ல வளைத்தார். என்னையும் கேட்கச் சொன்னார். உள்ளே அப்பளம் நொறுங்குகிற சத்தம். சட்டைப்பையிலிருந்து சிறு கத்தியை எடுத்து ஒரு விரல் நீளத்துக்கு உறையை உரித்தார். எஃகு இழை இருக்க வேண்டிய இடத்திலிருந்து பழுப்புத் தூள் கொட்டியது. நடுவில் மூன்றோ நான்கோ இழை மட்டும் முழுசாக இருந்தது. இத்தனை நாள் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உறவாக இருந்தது பாதி பிளாஸ்டிக்.

உறை காப்பாற்றவில்லை, மறைத்தது. வயரை இறுக்கிய முனைகளில் உறை திறந்திருக்கும். உப்புத் தண்ணீர் அந்த வாய் வழியாக உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் இழைகளுக்கு நடுவில் தங்கிவிடும். வெறும் வயர் துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். பிரிந்த இழை கையைக் கிழித்தாவது எச்சரிக்கும். விமானங்களின் கட்டுப்பாட்டு வயர்களைச் சோதிக்கும்போது துணியை வயர்மேல் ஓட்டிப் பார்ப்பார்கள்; அறுந்த இழை இருந்தால் துணி சிக்கும். உறைபோட்ட வயரில் அந்தச் சோதனையும் செல்லாது.

ஓடும்போது அறுந்தால் என்ன ஆகும் என்பதை மாமா யோசித்ததே இல்லை. யோசித்திருந்தால் “வெறும் கம்பி” என்று சொல்லியிருக்க மாட்டார். வேகத்தில் போகும் சிறு படகில் சுக்கான் பிடி விட்டுப்போனால், சுழலும் விசிறியின் முறுக்கு எஞ்சினை ஒரு பக்கமாகத் தள்ளும். படகு சட்டென்று சுழலும். ஓட்டுகிறவர் வெளியே தூக்கி எறியப்படுவார். ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவரை நோக்கியே திரும்பி வரும். இந்த வகை விபத்துக்காகத்தான், ஓட்டுகிறவர் உடம்பில் ஒரு கயிற்றைக் கட்டி, அவர் விழுந்தால் எஞ்சின் நிற்கும்படி ஒரு சுவிட்சு வைக்கிறார்கள். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான, அந்தச் சுவிட்சு பொருத்தப்பட்ட மோட்டார் படகுகளில் அதை மாட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரலில் சட்டம் வந்தது. மாமாவின் ஜான்சனில் அப்படி ஒரு சுவிட்சு கிடையாது.

பாங்கின் மகன் பத்து மாவுங் பக்கம் படகுப் பட்டறையில் வேலைசெய்கிறான். சாயங்காலம் வந்தவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “அங்கிள், இதெல்லாம் தூக்கிப்போட்டுட்டு கேபிள் ஸ்டீயரிங் போடுங்க” என்றான். அவன் சொன்னது இன்று சக்கரம் வைத்த சிறு படகுகள் பலவற்றில் உள்ள தள்ளு-இழு வகை. உறைக்குள் ஒரே தடித்த கேபிள். சக்கரத்தடியில் பல்சக்கரம் அதைத் தள்ளவும் இழுக்கவும் செய்யும். மறுமுனையில் ஓர் எஃகுத் தண்டு எஞ்சினின் சாய்வுக் குழாய்க்குள் புகுந்து வெளியே வந்து, கரம் ஒன்றைப் பிடித்துத் திருப்பும். கேபிளின் மேலே திருகுச் சுருளாக ஒரு கம்பி சுற்றியிருப்பதுதான் இதன் சூட்சுமம். பல்சக்கரம் அந்தச் சுருளைத்தான் கடிக்கிறது. இந்த உத்தியைப் படகுகளுக்குப் பரப்பிய டெலிஃப்ளெக்ஸ் நிறுவனம் 1943இல் போர் விமானங்களுக்கான கட்டுப்பாட்டுக் கேபிள் செய்யத் தொடங்கியது.

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. இழுத்தால் மட்டும் வேலைசெய்கிற கயிற்றைவிட, தள்ளினாலும் வேலைசெய்கிற கேபிள் பத்திரம். சக்தி கூடிய எஞ்சினுக்குக் கயிறு-கப்பியை வைத்துக்கொள்வது அறிவீனம். ஆனால் அதற்கும் நோய் உண்டு. சாய்வுக் குழாய்க்குள் கிரீஸ் காய்ந்து, உப்பு ஏறி, தண்டு குழாயோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரம் அசையாது. கேபிளை ஆட்டிப் பார்த்துப் புதுக் கேபிள் வாங்குவார்கள். கோளாறு குழாயில் இருக்கும். சூடேற்றி, எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டி வெளியே எடுத்து, குழாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்தால் பல கேபிள்கள் பிழைத்துக்கொள்ளும். பையனும் அதை ஒப்புக்கொண்டான். மாமாவின் எஞ்சினில் அந்தத் தண்டு நுழைகிற குழாயே கிடையாது. வேறு தாங்கி செய்து பின்பலகையில் பொருத்த வேண்டும்.

மாமா முடிவுசெய்துவிட்டார். பழையபடியே வேண்டும், ஆனால் புதுச் சாமான் வேண்டும். பதினெட்டுக் குதிரை, பதினான்கு அடி, ஓடப்போவது அமைதியான கரையோரம். நானும் தலையாட்டினேன். நாற்பது குதிரை எஞ்சினாக இருந்திருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன்.

அதன்பிறகு அலைச்சல். லோரோங் கூலிட் சந்தை நகர விளையாட்டரங்கின் பக்கத்தில், டத்தோ கிராமாட்டிலிருந்து நடந்தே போகலாம். காலையில் தரையில் துணி விரித்துப் பழைய சாமான்களைப் பரப்புவார்கள்: நின்றுபோன கடிகாரங்கள், பீங்கான் கோப்பைகள், கைப்பிடி போன ரம்பங்கள், யாருடையதோ திருமணப் படங்கள். இந்தச் சந்தை முன்பு ரோப் வாக்கில் கூடியது. ஜாலான் பிந்தால் தாலி என்று இன்று பெயர்ப்பலகை சொல்லும் அந்தத் தெருவில், பாய்மரக் காலத்தில் கப்பல்களுக்குக் கயிறு திரித்தார்கள். சந்தையில் எங்களுக்கு வேண்டிய அளவில் கன் மெட்டல் கப்பிகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. பச்சைக் களிம்பு படிந்தவை. பாங் ஒவ்வொன்றையும் விரலால் சுழற்றி, ஆட்டம் உள்ளதைத் தள்ளி, நல்லதை எடுத்தார். விற்றவர் சொன்ன விலையில் பாதியிலிருந்து மாமா ஆரம்பித்தார். முடிவில் தேநீர் விலைக்கு ஒரு கப்பி வீதம் படிந்தது.

கன் மெட்டல் என்பது செம்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தது. உப்புத் தண்ணீரைத் தாங்குவதற்கு அந்த வெள்ளீயமும் ஒரு காரணம். நான் பேருந்தில் பார்த்த டைம்ஸ் ஸ்குவேர் அடுக்ககங்கள் நிற்கிற இடத்தில் முன்பு ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் ஆலை இருந்தது. பேராக்கிலிருந்து வந்த ஈயமணலை உருக்கி உலகத்துக்கு வெள்ளீயக் கட்டிகளாக அனுப்பிய இடம். அந்தக் கப்பிகளில் டத்தோ கிராமாட் ஈயம் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாடாங் பிரவுன் கடைகளில் பொப்பியா சாப்பிட்டேன்.

வயர் வாங்கத் துறைமுகப் பக்கம் போனோம். பீச் ஸ்ட்ரீட்டின் தெற்குக் கோடியிலும் வெல்ட் கீ ஓரத்திலும் கப்பல் சாமான், இரும்புச் சாமான் விற்கும் பழைய கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கிங் ஸ்ட்ரீட். தமிழர்கள் அதைப் படகுக்காரத் தெரு என்றார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்தில் படகோட்டிகளாகவும், தொங்காங் என்ற சரக்குப் படகுக்காரர்களாகவும் இருந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் சரக்கு அவர்கள் தோள்மேல்தான் நகர்ந்தது. இன்று அந்தத் தெருவில் படகு சம்பந்தப்பட்ட எதுவும் என் கண்ணில் படவில்லை.

கடை முதலாளியான தவுக்கே இரண்டு வகை வயர் காட்டினார். ஏழு முறுக்கு, முறுக்குக்கு ஏழு இழை ஒன்று. ஏழு முறுக்கு, முறுக்குக்குப் பத்தொன்பது இழை மற்றொன்று. முதலாவது முரடு, தேய்மானம் தாங்கும், ஆனால் வளையாது. இரண்டாவது இழை மெல்லியது, கப்பியில் சுகமாக வளையும். கப்பியும் உருளையும் உள்ள வேலைக்கு இரண்டாவதுதான். துருப்பிடிக்காத 316 ரக எஃகில், உறையில்லாமல் கேட்டோம். உறைபோட்டது விலை குறைவு என்று தவுக்கே எடுத்து நீட்டினார். மாமா கையை இழுத்துக்கொண்டார். பதினான்கு அடிப் படகுக்கு நாற்பது அடி வயர் பிடிக்கும். இரண்டு பக்கமும் போய்த் திரும்ப வேண்டும், உருளைச் சுற்றும் சேர வேண்டும்.

பொருத்துகிற வேலையில்தான் இந்த எளிய அமைப்பு எவ்வளவு பிடிவாதமானது என்று தெரிந்தது. முதலில் கப்பிகள். பழைய கப்பிகள் மரத் திருகாணியில் நின்றன. அதில் இரண்டு, ஓட்டை அகண்டு, விரலாலேயே கழன்றன. வயர் நேர்க்கோணமாகத் திரும்புகிற மூலையில் கப்பி தாங்கும் விசை, வயரின் இழுவையைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு. திடீர்த் திருப்பத்தில் அந்த விசை மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் ஒவ்வொரு கப்பிக்கும் பலகையை ஊடுருவும் போல்ட்டு, பின்னால் அகலத் தட்டு, நட்டு. துளையிட்ட இடத்திலெல்லாம் எபாக்சி பூசி, காய்ந்தபின் மறுபடி துளைத்தோம். இல்லையென்றால் ஒட்டுப்பலகை அந்தத் துளை வழியாகத் தண்ணீர் குடித்து ஊதிவிடும். கப்பிகளை வயர் ஓடுகிற கோட்டிலேயே நிறுத்துவதற்குப் பாங் ஒரு மீன்பிடி நரம்பைக் கட்டி, அரை நாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். கோடு பிசகினால் வயர் கப்பியின் விளிம்பில் உரசி, உரசிய இடத்தில் அறும்.

அடுத்து உருளை. வயரின் நடுப்புள்ளியை அளந்து, உருளையில் ஆணியடித்து நிறுத்தி, இரு பக்கமும் சமமாகச் சுற்ற வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால் படகு வலப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு எஞ்சினின் முன்பக்கச் சட்டம் இடப்பக்கம் போக வேண்டும். அதற்கு இடப்பக்க வயர் சுற்றிக்கொள்ள வேண்டும். வயரின் இரண்டு முனைகளும் உருளையின் மேல்பக்கமாகப் பிரிந்து போனால் அது நடக்கும். கீழ்ப்பக்கமாகப் பிரிந்தால் எல்லாம் தலைகீழ்: வலது திருப்பினால் இடது போகும். கரையில் நிற்கும்போது இது தெரியாது; சக்கரமும் சுழலும், எஞ்சினும் ஆடும். அதனால் பாங் என்னைப் பின்னால் நிறுத்தி, சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, விசிறியின் முகம் எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்ல வைத்தார். தெருவில் போன பிள்ளைகள் நின்று சிரித்தார்கள்.

முனைகளைக் கட்டுவதிலும் ஒரு முறை உண்டு. வயரை வளையமாக மடித்து, உள்ளே உலோகக் காப்பு வைத்து, யு வடிவக் கிளிப் போடுவார்கள். கிளிப்பின் தட்டையான அடி, சுமை தாங்கும் நீளப் பக்கத்தில் உட்கார வேண்டும். யு வளைவு, வெட்டிவிட்ட குறுந்துண்டின் மேல் அழுந்த வேண்டும். மாற்றிப் போட்டால் யு வளைவு சுமை தாங்கும் வயரையே கடித்து நசுக்கும். பழைய கிளிப்புகளில் பாதி மாற்றித்தான் போடப்பட்டிருந்தன. வயரை வெட்டும் முன் வெட்டுமிடத்தில் நாடா சுற்றிக்கொண்டால் இழை பூப்போலப் பிரியாது. அலுமினியச் சட்டத்தில் எஃகு போல்ட்டு நுழைகிற இடத்தில் கிரீஸ் தாராளமாக வைத்தோம். உப்புத் தண்ணீரில் அந்த இரண்டு உலோகமும் நேராகத் தொட்டால் அலுமினியம் மாவாகிவிடும்.

கடைசியில் ஸ்பிரிங்குகள். வயருக்கும் எஞ்சின் சட்டத்துக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்று. பழைய படகில் ஒரு ஸ்பிரிங்கைக் காணோம். அந்த இடத்தில் யாரோ இரும்புச் சங்கிலி மாட்டியிருந்தார்கள். ஸ்பிரிங் அலங்காரத்துக்கு இல்லை. எஞ்சின் நேராக நிற்கும்போது இரண்டு மூலைக் கப்பிகளுக்கும் சட்டத்துக்குமான தூரம் ஓர் அளவு. எஞ்சின் திரும்பும்போது சட்டத்தின் முனை வட்டவில்லில் நகர்வதால் அந்தத் தூரங்களின் கூட்டுத்தொகை மாறிவிடும். ஸ்பிரிங் இல்லையென்றால், நடுவில் சரியாக இருந்த வயர் திருப்பத்தில் விறைக்கும். அதற்குப் பயந்து தளர்த்தினால் நடுவில் தொங்கும். தொங்கும் வயர் உருளையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சிக்கும். சக்கரம் கால்வட்டம் சும்மா சுற்றிப் பிறகு எஞ்சின் குதித்ததற்கு, அந்தச் சங்கிலிதான் பாதிக் காரணம். மீதி, உள்ளே நொறுங்கிப்போன வயர்.

முடிந்ததும் சோதனை. எஞ்சினை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் தள்ளிப் பார்த்து, இரண்டு கோடியிலும் உருளையில் சுற்று மிச்சமிருக்கிறதா, ஸ்பிரிங் முழுக்க நீண்டுவிடாமல் இருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு நான் எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, பாங் சக்கரத்தைத் தன் பலம் கொண்டமட்டும் முறுக்கினார். ஒரு கிளிப் கொஞ்சம் நழுவியது, இறுக்கினோம். பாங்கின் மகன் எஞ்சினை நிறுத்தும் கயிற்றுச் சுவிட்சு ஒன்றைக் கொண்டுவந்து, சொல்லாமலே பொருத்திவிட்டான். மாமா முணுமுணுத்தார். அத்தை ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினார்.

ஜெலுத்தோங் கரையோரத்தில் கடலேற்றம் பார்த்துத்தான் இறக்க முடியும், வற்றினால் சேறுதான். வலப்பக்கம் 1985இல் திறந்த பினாங்குப் பாலம், 13.5 கிலோமீட்டர் நீளம். இடப்பக்கம் தூரத்தில் கொம்தார். நடுவே கடற்புல் வளரும் மிடில் பேங்க் மேடு, அதைச் சுற்றித் தூண்டில் படகுகள். மாமா உயிர்காப்புச் சட்டை போட்டு, சுவிட்சுக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, சக்கரத்தைப் பிடித்தார். முதலில் மெதுவாக எட்டு வடிவில் இரண்டு சுற்று. பிறகு வேகம். படகு மூக்கைத் தூக்கி, பிறகு சமமாக உட்கார்ந்து பறந்தது. ஒரு தொங்காங்கின் அலையைக் குறுக்கே வெட்டும்போது நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். மாமா விரல் நுனியால் சக்கரத்தை லேசாக அசைத்தார். சக்கரம் அசைந்த அளவுக்கே படகு திரும்பியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார். எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை. கரைக்கு வந்ததும் கேட்டேன். “கம்பிக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டேன்” என்றார். கப்பி, வயர், போல்ட்டு, ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து, எஞ்சினுக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

குமரியிலோ காரைநகரிலோ பினாங்கிலோ, கொட்டகையில் இப்படி ஒரு பழைய படகு வைத்திருப்பவர்கள் எஞ்சினை இழுப்பதற்கு முன்னால் சுக்கான் வயரைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்டதாக இருந்தால் காதருகே வைத்து வளையுங்கள், ஒரு விரல் நீளம் உரியுங்கள். பழுப்புத் தூள் கொட்டினால் ஒட்டுப்போட்டுப் பார்க்காதீர்கள். முழு வயரையும் கழற்றி எறிந்துவிட்டு, உறையில்லாத எஃகு வயர் மாட்டுங்கள். எஞ்சின் முப்பது குதிரையைத் தாண்டினால் கப்பியையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, பாங்கின் மகன் சொன்னதைச் செய்யுங்கள்.